கதவில் ஒரு குறையும் இல்லை

வேன் கதவு என்றால் வருடத்துக்கு இரண்டு தடவை எண்ணெய் போட வேண்டும். குளிர் தொடங்குவதற்கு முன் ஒரு தடவை, பனி உருகியதும் ஒரு தடவை. போட்டால் அது பாட்டுக்கு இருபது வருடம் உழைக்கும். இந்தக் காலத்தில் இதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கொஞ்சம் கிறீச்சென்றால் போதும், புது வேன் வாங்கு என்கிறார்கள். இதைப் பற்றித்தான் பேச வந்தேன், மேடம். காப்பி நன்றாக இருக்கிறது. இதற்குக் காசு எதுவும் இல்லையே? சரி.

என் பெயர் லெனார்ட் ஹுடாக். லென்னி என்றால்தான் இந்த ஊரில் தெரியும். குடிநீர் வாரியத்தில் குழாய் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். கோடையில் எங்கள் ஊர் அணியான ஸ்டோக்கர்ஸின் பேஸ்பால் மைதானத்தில் டிக்கெட்டைப் பார்த்து இருக்கை காட்டுவேன். குளிர்காலத்தில் ஆட்டம் கிடையாது. ஆனாலும் கிளப்புக்கு யாராவது விருந்தாளி வந்தால் விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வருவது நான்தான். மற்ற அணிகள் இதற்கெல்லாம் நீளமான கறுப்புக் கார் வாடகைக்கு எடுக்கும். எங்கள் முதலாளி விட்காம்ப், துண்டு மூட்டைகளும் மட்டைகளும் ஏற்றுகிற வெள்ளை வேனை அனுப்புவார். ஓட்டுவதற்கு என்னை அனுப்புவார். எனக்கு அதில் பெருமைதான்.

அவரைக் கஞ்சன் என்று ஊரே ஏசுகிறது. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் ஒரு பையனைப் பதினெட்டு வயதில் அள்ளிக்கொண்டு வருவார், வளர்ப்பார், அவன் நன்றாக அடிக்க ஆரம்பித்துச் சம்பளம் உயரப் போகிறது என்றதும் நியூயார்க் அணிக்கு விற்றுவிட்டு இன்னும் மூன்று பதினெட்டு வயதுப் பையன்களை வாங்கிக்கொள்வார். அதற்கு ஐந்து வருடத் திட்டம் என்று பெயர். அந்தத் திட்டத்தை இப்போது நான்காவது முறையாகப் புதுப்பித்திருக்கிறார். நாங்கள் வருடா வருடம் கடைசிக்கு முந்தின இடத்தில் வருகிறோம். கடைசி இடம் இல்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை.

என் வீட்டிலும் நான் அப்படித்தான். என் மனைவி ஐரீன், கீழ்த்தளத்துச் சூடேற்றும் எந்திரத்தை மாற்ற வேண்டும் என்று பத்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு குளிர் தாங்கும் என்று நானும் பத்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு ஜனவரியில் அரிசோனாவில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. அவள் இடத்துக்கு நான் வெளியிலிருந்து யாரையும் கொண்டுவரவில்லை. டப்பா சூப்பும் கம்பளி உறையும் போதுமானதாக இருந்தன. அந்த எந்திரம் இப்போதும் ஓடுகிறது, மேடம். யார் சரி என்று நீங்களே சொல்லுங்கள்.

நாற்காலியைப் பற்றிச் சொல்லாமல் மற்றது புரியாது. ரோனி நடத்தும் பார் ஒன்று ஆற்றுப் பாலத்துக்குக் கீழே இருக்கிறது. பின்பக்கம் பழைய இரும்பு அடுப்பு, அதைச் சுற்றி எங்கள் மேசை. பேஸ்பால் ரசிகனுக்குக் குளிர்காலம்தான் நிஜமான சீசன். கோடையில் ஆடுகிறோம், தோற்கிறோம். குளிரில் யாரும் ஆடுவதில்லை, அதனால் யாரும் தோற்பதும் இல்லை. ஒப்பந்தம் முடிந்து கட்டவிழ்ந்து நிற்கிற ஆட்டக்காரர்களை ஃப்ரீ ஏஜென்ட் என்பார்கள். பணம் கொட்டுகிறவர் பக்கம் அவர்கள் போகலாம். சீசன் முடிந்ததும் எங்கள் மேசையில் ஆளுக்கொரு வாக்குச் சொல்ல வேண்டும்: இந்தக் குளிரில் விட்காம்ப் யாரை வாங்குவார்? பிப்ரவரியில் பந்து வீசுகிறவர்கள் பயிற்சிக்குக் கூடுகிற அன்று பார்ப்போம். யார் வாக்குப் பலித்ததோ அவருக்கு அடுத்த வருடம் வரை அடுப்போரத்து நாற்காலி. அடியோடு தப்பாகச் சொன்னவருக்குக் கழிப்பறைக் கதவோரத்து நாற்காலி. அங்கே காற்றும் வரும், மற்றதும் வரும்.

அடுப்போரத்து நாற்காலி என்னுடையது. ரோனியின் அப்பா உயிரோடிருந்த காலத்திலிருந்து என்னுடையது. ஒவ்வொரு வருடமும் நான் ஒரே வாக்குதான் சொல்வேன்: யாரையும் வாங்க மாட்டார். மற்றவர்கள் வானத்தை வில்லாக வளைப்பார்கள். நான் என் பியரைக் குடித்துக்கொண்டு சும்மா இருப்பேன். என் வாழ்க்கையில் நான் தொடர்ந்து சரியாகச் சொன்ன விஷயம் அது ஒன்றுதான்.

கழிப்பறை நாற்காலி ஆர்வில் பிளாஹாவுடையது. ஆர்வில் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து தோழன். இரும்பு ஆலையில் உலைக்கு முன்னால் நின்றே நுரையீரலைத் தொலைத்தவன். சந்தையில் யார் பெரிய ஆளோ அவன் பெயரை வருடா வருடம் சொல்லுவான், வருடா வருடம் கழிப்பறைக் கதவு அவன் முழங்கையில் இடிக்கும். அவனுக்கும் எனக்கும் நடக்கிற சண்டையைக் கேட்கவே ஆட்கள் அந்த பாருக்கு வருவார்கள்.

"டேய் லென்னி, அந்த ஆளு உனக்கு என்னடா குடுக்கறான், இப்படி வக்காலத்து வாங்கற?" என்பான்.

"ஒண்ணும் குடுக்கல. அதான் அவர்கிட்ட எனக்குப் பிடிச்சதே" என்பேன்.

எல்லாரும் சிரிப்பார்கள். ஆர்வில்தான் அதிகமாகச் சிரிப்பான், பிறகு இருமுவான்.

இந்தக் குளிரில் கிளப் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, வியாழக்கிழமை ஒருவரை அழைத்து வர வேண்டும் என்றார்கள். பெயர் யாதியெல் ஒகாசியோ. போர்ட்டோ ரிக்கோ பையன். இடது கையால் பந்து வீசுகிறவர்களில் இந்த வருடம் சந்தையில் அவருக்கு மேல் ஆள் இல்லை. நான் அதை மேசையில் சொல்லியிருக்கக் கூடாது. விட்காம்ப் நிலைமை இப்படி, ஊரார் வாயை அடைக்க ஒருவரைக் கூப்பிட்டு விருந்து வைத்து அனுப்புகிறார் என்று கேலி செய்வதற்காகத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. இந்த வருடம் ஆர்வில் வாக்காகச் சொன்ன பெயர் அதுதான்.

நான் இன்னொரு பியர் வாங்க எழுந்து போய்த் திரும்பும்போது ஆர்வில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கையை நீட்டி அடுப்பில் குளிர் காய்ந்துகொண்டிருந்தான்.

"சும்மா உக்காந்து பாக்கறேன்டா. பழகிக்கணும்ல" என்றான். ரோனி உட்பட எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு அவன் குரலைத் தாழ்த்தி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "எனக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு கிடையாது லென்னி. டாக்டர் சொல்லிட்டாரு. இந்த ஒரு தடவை நீ தோத்துப் போயேன்டா."

எனக்கு அவன்மேல் பாசம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்கு அன்றைக்கு நான்தான் பியர் வாங்கிக் கொடுத்தேன். ரோனி நம்ப முடியாமல் காசைத் திருப்பிப் பார்த்தாள். ஆனால் நாற்காலி என்பது வேறு விஷயம்.

வீட்டுக்குப் போய்க் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிதானமாக யோசித்தேன். கோபத்தில் செய்த காரியம் என்று நீங்கள் எழுதினால் அது தப்பாகிவிடும், அதனால் சொல்கிறேன். பந்து வீசுகிறவன் ஐந்து நாளைக்கு ஒரு முறைதான் ஆடுகிறான். ஒப்பந்தமோ ஆறு வருடத்துக்குக் கேட்பான். அந்த மாதிரி வேகத்தில் வீசுகிற கை எத்தனை நாள் தாங்கும்? இன்றைக்கோ நாளைக்கோ முழங்கை போகும், தோள் போகும், கத்தி வைப்பார்கள். எப்படியும் போகப் போகிற கை. பணத்தைக் கொடுத்த பிறகு அது போவது நல்லதா, கொடுப்பதற்கு முன்பு போவது நல்லதா? கிளப்பின் பக்கம் நின்று யோசித்தால் இரண்டாவதுதான் நல்லது. இதற்கு யாரும் எனக்குப் பதில் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை மத்தியானம் போய் அழைத்து வந்தேன். நல்ல பையன். துண்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்காரச் சொன்னதற்கு முகம் சுளிக்கவில்லை. அவர் அம்மா கட்டிக்கொடுத்த தேங்காய் மிட்டாயைப் பின்னாலிருந்து எனக்கு நீட்டினார். இரண்டு எடுத்துக்கொண்டேன். என்னை தோன் லென் என்று கூப்பிட்டார். அவர்கள் பக்கத்தில் வயதானவர்களுக்கு அப்படி மரியாதை கொடுப்பார்களாம். ஸ்டோக்கர்ஸில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

பாலத்தைத் தாண்டும்போது ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார். மனைவிக்கு ஆறாவது மாதம், பள்ளிக்கூடம் எப்படி, குளிர் எப்போதும் இப்படித்தானா என்றெல்லாம் கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் நியாயமாகவே பதில் சொன்னேன்.

"என் ஏஜென்ட் லாஸ் ஏஞ்சல்ஸ் போன்னு சொல்றாரு, தோன் லென்" என்றார். "எனக்கு இந்த மாதிரி ஊருதான் பிடிக்குது. இங்க தோத்தாக்கூட ஜனங்க வர்றாங்களே. கொஞ்சம் கொறைச்சுக் குடுத்தாலும் பரவாயில்ல, வந்துடலாம்னு பாக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"வாங்க" என்றேன். "ஆறு கோடையில நல்லாருக்கும்."

அவர் செய்த தப்பு அதுதான், மேடம். எக்கச்சக்கமாகக் கேட்டிருந்தால் விட்காம்பே கை விரித்திருப்பார், எனக்கு வேலை இருந்திருக்காது. குறைத்துக் கொடுத்தாலும் போதும் என்கிற ஆளை யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? அந்த நிமிடம் வரைக்கும் நான் முடிவாக எதையும் நினைத்திருக்கவில்லை என்றுதான் எனக்கு ஞாபகம்.

மைதானத்தின் பின்வாசலில், கதவுக்கு நேராக உப்புத் தூவி ஐஸ் இல்லாமல் வைத்திருப்பார்கள். நான் அதைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். அங்கே மேலே மழைநீர்த் தகரம் பிய்ந்து பல வருடமாக ஒழுகுகிறது. கீழே கண்ணாடி போல ஐஸ் கட்டியிருக்கும். வேனில் பக்கவாட்டுக் கதவு பின்னாலிருந்து முன்னால் ஓடி மூடுகிற வகை. அந்தப் படி உயரம். இறங்குகிறவர்கள் முன்பக்கத் தூணைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். வெளியே பார்த்து இறங்கும்போது அந்தத் தூண் இடது கைப் பக்கம் இருக்கும். இத்தனை வருடத்தில் எத்தனை பேரை இறக்கிவிட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "பாத்து இறங்குங்க, ஐஸு. அந்தத் தூணைப் பிடிச்சுக்குங்க" என்றேன்.

பிடித்துக்கொண்டார். இறங்கி, இரண்டு காலையும் ஊன்றி நின்று, கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பி நன்றி சொன்னார். அப்போது கதவு மூடியது. இப்போதைக்கு அதை அப்படியே வைத்துக்கொள்வோம்.

அவர் கத்தவில்லை. ஐஸில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் பாஷையில் அம்மாவைக் கூப்பிட்டார். நான் துண்டு எடுத்துக் கொடுத்தேன். வேனிலேயே இருந்தது, வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. அந்த விரல்கள் இனிப் பந்தின் தையலைப் பிடிக்காது என்று பிறகு டாக்டர்கள் சொன்னார்கள். அவருக்கு இன்னொரு கை இருக்கிறது, குழந்தையும் வரப்போகிறது. ஒரு ஆறுதல் அட்டை அனுப்பலாம் என்றுகூட நினைத்தேன். தபால்தலை விலை ஏறிவிட்டது.

உங்கள் போலீஸ்காரர் வந்து கேட்டபோது, பழைய வேன், கதவு தானாக ஓடிவிட்டது என்றேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டு போனார். அத்தோடு விஷயம் முடிந்துவிடும், பிப்ரவரி வரும், நான் நாற்காலியில் உட்காருவேன் என்றுதான் நினைத்தேன். ஆர்வில் என்ற ஒருத்தனை மறந்துவிட்டேன்.

அவன் அன்றைக்கே மேசையில் ஆரம்பித்தான். ஒரு கதவைச் சரிபண்ண நானூறு டாலர் ஆகுமா? அந்த நானூறு டாலரை மிச்சம் பிடிக்கப்போய், தானாக வீடு தேடி வந்த ஆட்டக்காரனின் கையை நசுக்கிய முதலாளி உலகத்தில் உண்டா? இது மேசையில் நிற்கவில்லை, வானொலிக்குப் போனது. அடுத்த வாரம் மைதானத்து வாசலில் ஆட்கள் கூடினார்கள். பதாகை எதுவும் இல்லை. கழற்றிய கார் கதவுகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஊரில் பழைய இரும்புக் கடைகளில் கதவே கிடைக்காமல் போனது. ஆர்வில், தன் அப்பாவின் பழைய போன்டியாக் காரின் கதவைத் தூக்கிக்கொண்டு பனியில் நின்றான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவன், தினமும் நின்றான்.

என் பக்கத்தில் நின்றுகொண்டே என்னையும் இழுத்துவிட்டான். "நீ பாவம்டா. அந்த ஓட்டை வண்டியைக் குடுத்து உன்னைக் கொலைகாரன் மாதிரி ஆக்கிட்டான்" என்று எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டினான். ஊரே என்னைப் பார்த்து உச்சுக்கொட்டியது. கதவைப் பற்றி அவர்கள் பேசிய ஒவ்வொரு பேச்சும் எனக்கு உள்ளே சுட்டது. போன இலையுதிர் காலத்தில் அந்தக் கதவு ஓடுகிற தண்டவாளத்துக்கு நானே, என் வீட்டு எண்ணெயைக் கொண்டுபோய், பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் போட்டேன். ஒற்றை விரலால் தள்ளினால் போதும், வழுக்கிக்கொண்டு போகும். திறந்து விட்டால் விட்ட இடத்தில் நிற்கும். அதைப் போய் ஓட்டைக் கதவு என்கிறார்கள்.

விட்காம்ப் தாங்குவார் என்று நம்பினேன். இருபது வருடம் தாங்கியவர். அவர் பேத்தியின் பள்ளிக்கூட வாசலிலும் யாரோ ஒரு கதவைச் சாய்த்து வைத்துவிட்டார்களாம். முந்தாநாள் டிவியில் வந்தார். கண் கலங்கியிருந்தது. புது வேன்கள் வாங்குகிறேன், தகரத்தை மாற்றுகிறேன் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு கதவில் மிச்சம் பிடித்த பாவத்துக்கு இந்தக் குளிரிலேயே இரண்டு பெரிய ஃப்ரீ ஏஜென்ட்களை வாங்குகிறேன், இன்றைக்கு மூன்று மணிக்குக் கையெழுத்து, அத்தனை பேரும் டிவியில் பார்க்கலாம் என்றார். ஊரெங்கும் கார் ஹாரன் அடித்தார்கள்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். பனியில் நின்றதில் ஆர்வில் விழுந்துவிட்டான். மூக்கில் குழாய். ரோனி கொடுத்தனுப்பிய பியரோகிக் கொழுக்கட்டையை அவனால் சாப்பிட முடியவில்லை, நான்தான் சாப்பிட்டேன். இன்னும் இரண்டு மூன்று நாள் என்று நர்ஸ் சொன்னாள். ஆனால் அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்ட பையன் முகம்.

"அந்தப் பையன் கை போனது போனதுதான், அத நெனச்சா தூக்கம் வரல" என்றான். "ஆனா அந்தக் கதவு நமக்காகத்தான் மூடியிருக்கு லென்னி. நாளைக்கு மூணு மணிக்கு வாடா, சேர்ந்து பாப்போம். பாத்துட்டாப் போதும் எனக்கு." மூச்சு வாங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "அப்புறம், நாற்காலி. அத நீயே வெச்சுக்க. எனக்கு எதுக்கு?"

நான் வாழ்க்கையில் இனாமாக வந்த எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. இதை வேண்டாம் என்றேன். அவன் விட்டுக்கொடுத்து நான் உட்கார்ந்தால், உட்காருகிற ஒவ்வொரு தடவையும் அவன் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அவன் செத்தும் சரியாக இருப்பான். நான் உயிரோடிருந்தும் தப்பாக இருப்பேன். இதை ஒரு மனிதன் எப்படித் தாங்குவது? ராத்திரி முழுக்க யோசித்து, காலையில் முகம் மழித்துக்கொண்டு இங்கே வந்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கதவில் ஒரு குறையும் இல்லை. தண்டவாளம் நேராக இருந்தது, எண்ணெய் இருந்தது, பூட்டு பிடித்தது. அவர் கை தூணில் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் நான் இரண்டு கையாலும், உடம்பு முழு பாரத்தையும் கொடுத்துத் தள்ளினேன். முதலில் முழுசாக மூடவில்லை. பின்னால் இழுத்து மறுபடி ஒரு தடவை தள்ளினேன். அந்த வேனுக்கு ஒரு சல்லிக் காசு செலவு செய்ய வேண்டிய அவசியம் இல்லை. விட்காம்ப் மேல் எந்தப் பாவமும் இல்லை, அவர் எதற்கும் பரிகாரம் செய்ய வேண்டாம், எவனையும் வாங்க வேண்டாம்.

இப்போது மணி இரண்டு இருக்குமா? மூன்றுக்கு முன்னால் அவருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். அப்படியே ஆஸ்பத்திரிக்கும் யாரையாவது அனுப்பி, நடந்ததை ஆர்விலின் காதில் சொல்லச் சொல்லுங்கள். தெளிவாக, அவனுக்குப் புரிகிற மாதிரி. அவன் பொய்யை நம்பிக்கொண்டு கண்ணை மூடக் கூடாது, மேடம். அறுபது வருடச் சிநேகிதனுக்கு நான் இந்த உதவியாவது செய்ய வேண்டாமா?